ஓட்டம் முடிந்ததும் ஓர் அடி

அடி வலது காதுக்குக் கீழே விழுந்தது. டயர்க்காரன் ஒரு காலைப் பின்னால் ஊன்றி, விழாமல் நின்றான். கண்ணுக்குள் ஏதோ வெள்ளையாக ஓடி மறைந்தது. எச்சிலைத் துப்பிப் பார்த்தான். ரத்தம் இல்லை.

“பட்டுச்சா?” என்றான் வெல்டர்.

“பட்டுச்சு மாமா.”

“எங்க?”

“காதுக்குக் கீழ.”

“தாடைக்குத்தான வெச்சேன். நீ நகந்துட்டே.”

“நான் நகரல. உங்க கைதான் நகந்துச்சு.”

“பொய் சொன்னே, இன்னொண்ணு விழும்.”

“ஒண்ணுதான் பேச்சு. இன்னொண்ணு வேணும்னா இன்னொரு ரவுண்டு ஓடுங்க.”

வெல்டர் வாய்விட்டுச் சிரித்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. வியர்வை தாடி வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அவனுடைய வலது கைக்கும் டயர்க்காரனின் இடது கைக்கும் நடுவே ஒரு சாண் நூல்கயிறு, இரு முனையிலும் விரல் நுழைய வளையம். ஓடும்போது அதுதான் வழிகாட்டும். ஓட்டம் முடிந்ததும் அதற்கு வேறு வேலை. வெல்டர் கயிற்றை வெடுக்கென்று இழுப்பான். எதிரில் இருப்பவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அந்த இழுப்பில் தெரிந்துவிடும். பிறகு இடது கை வரும். கயிறு இழுபட்டால் டயர்க்காரன் அசையக் கூடாது. அதுதான் பேச்சு.

கவிழ்த்துப் போட்ட தடைப்பலகை மேல் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். மைதானத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு விசில் என்று பேர். முகத்துக்கு நேரே மேடம்.

“முடிஞ்சுதா உங்க கொஞ்சல்? நிக்காதீங்க, நடங்க. தசை புடிச்சிக்கும்.”

இருவரும் கயிற்றோடு நடந்தார்கள்.

வெல்டர் டயர்க்காரனுடைய அக்காவின் புருஷன். எண்ணெய் ஏற்றும் லாரிகளின் டாங்கிகளுக்கு ஒட்டுப் போடும் பட்டறையில் வேலை பார்த்தவன். கழுவியாயிற்று என்று யாரோ சொன்ன டாங்கிக்குள் ஆவி மிச்சம் இருந்தது. பொறி பட்டதும் டாங்கி வாய் பிளந்தது. ஆள் பிழைத்ததே பெரிசு என்று பட்டறையில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னார்கள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் அடி ஒரு டம்ளர் தண்ணீருக்காக விழுந்தது. அக்கா டம்ளரை மேசைமேல் வைத்து, “இங்க வெச்சிருக்கேன்” என்றாள். இங்கே என்றால் எங்கே? அவன் கை துழாவியதில் டம்ளர் கவிழ்ந்தது. அவள் துடைக்கக் குனிந்தாள். துணி உரசும் சத்தம் வந்த பக்கம் அவன் கையை வீசினான். மூக்கில் பட்டது.

கண் தெரியாதவனின் அடிக்கு அளவு கிடையாது. படுமோ படாதோ என்று முழுப் பலத்தையும் போடுவான். சில நாள் சுவரில் குத்தி விரல் முட்டி பிளந்துகொண்டது. அக்காதான் மருந்து போட்டாள். சத்தத்தைக் குறிவைத்து அடிக்கிறான் என்று புரிந்ததும் அவள் வளையலைக் கழற்றி வைத்தாள். சாவிக்கொத்தைத் துணியில் சுற்றினாள். வெறுங்காலோடு நடந்தாள்.

அதற்கும் அடித்தான். “திருடி மாதிரி எதுக்குடி நடக்கிறே? வீட்ல ஆம்பள ஒருத்தன் இருக்கிறது தெரியல?”

டயர்க்காரனுக்கு இது விளங்கவே இல்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா. தெருவில் அவனை எவனாவது தொட்டால் போதும், இடுப்பில் தாவணியைச் செருகிக்கொண்டு அவள் இறங்குவாள். பல்லால் கடிப்பாள். ஒருமுறை ஒருத்தன் தலையில் சிலேட்டை உடைத்துவிட்டு, அந்தத் துண்டுகளோடு வாத்தியாரிடம் போய் வேறு சிலேட்டு கேட்டாள். அப்படிப்பட்டவள் இப்போது உதட்டில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

“ஏன்க்கா, உனக்குக் கை இல்லையா?”

“கண்ணு தெரியாதவனை எப்படிடா திருப்பி அடிக்கிறது?”

“நான் அடிக்கட்டுமா?”

“நீ அடிச்சா அதுக்கும் சேர்த்து எனக்குத்தான் விழும். கம்முனு இரு.”

டயர்க்காரன் பழைய டயர்களுக்கு மறுபட்டை போடும் கடையில் வேலை செய்தான். தேய்ந்த டயரைச் சுழலும் அரத்தில் கொடுத்து மேல் ரப்பரைச் சுரண்டுவது அவன் வேலை. சுரண்டிய ரப்பர் கறுப்பு மாவாக மூக்கிலும் நகக்கண்ணிலும் ஏறும். கடைக்கு மேலேயே ஓர் அறை. கட்டில் இருந்தது, ரப்பர்ப் பசை நாற்றம் இருந்தது, கல்யாணம் இல்லை. எந்தப் பெண் அந்த நாற்றத்தில் குடும்பம் நடத்துவாள் என்று கடைக்காரர் கேட்பார். மூக்கடைப்பு உள்ளவளாகப் பாருங்கள் என்பான். பள்ளிக்கூடத்தில் நெடுந்தூர ஓட்டம் ஓடியிருக்கிறான். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் அடைந்து கிடப்பதால்தான் மனுஷன் இப்படி ஆகிறான் என்று யோசித்து, டயர்க்காரன் காலையில் வெல்டரை மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போக ஆரம்பித்தான். கையைப் பிடித்தால் வெல்டர் உதறினான். “நான் என்ன கொழந்தையா?” அதனால் கயிறு. ரப்பர்ப் பட்டை ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து இருவர் கையிலும் கட்டினான்.

ஒரு நாள் வெல்டர் நடந்து நடந்து ஒரு கம்பத்தில் முட்டிக்கொண்டான். டயர்க்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

“கம்பம் இருக்குன்னு சொல்ல மாட்டியாடா நாயே?”

“கம்பம் ஒதுங்கும்னு பார்த்தேன் மாமா. உங்களைப் பார்த்தா எல்லாரும் ஒதுங்குறாங்களே.”

சொல்லிவிட்டு ஓடினான். கயிறு கையில் கட்டியிருந்தது நினைவில்லை. வெல்டர் கூடவே வந்தான். குத்துவதற்காகக் கையை வீசிக்கொண்டே வந்தான். நின்றால் விழும் என்று டயர்க்காரன் ஓடினான். ஓடிக்கொண்டே திரும்பத் திரும்பச் சீண்டினான், ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. வெல்டர் வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி, அதுவும் தீர்ந்து, மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினான். ஒரு சுற்று முடிந்தது.

எங்கோ விசில் சத்தம் கேட்டது. “நிக்காத! இன்னொரு ரவுண்டு திட்டு!” என்று ஒரு பெண் குரல் கத்தியது.

இரண்டாவது சுற்றின் முடிவில் டயர்க்காரன் நின்றுவிட்டான். வெல்டர் கயிற்றை இழுத்து ஒரே ஒரு குத்து விட்டான். டயர்க்காரன் உட்கார்ந்தான். வெல்டர் பக்கத்தில் படுத்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. முகத்தில் இருந்த கடுப்பு எங்கோ போயிருந்தது.

அன்று மாலை அக்கா சொன்னாள், “கிரவுண்டுலேருந்து வந்தவரு சாப்பிட்டு அப்படியே தூங்கிட்டாருடா. டம்ளர் கீழ விழுந்துச்சு. ‘என்ன விழுந்துச்சு’ன்னு மட்டும் கேட்டாரு.”

டயர்க்காரன் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டான். கணக்கு எளிதாக இருந்தது. வீட்டில் விழுகிற அடி மைதானத்தில் விழட்டும். அங்கே விழுந்தால் ஒன்றுதான், அதுவும் தனக்கு.

அன்று விசில் ஊதிக் கத்தியவள்தான் மேடம். இருவரையும் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்ட முதல் நாளே ரப்பரைக் கழற்றி எறிந்தாள். “இழுபடுற கயிறு போட்டியில கூடாது. நூல்கயிறு போடு. அவன் உள்பக்கம், நீ வெளிப்பக்கம். உன் இடது கால் போறப்ப அவன் வலது கால் போகணும். ரெண்டு ஆள் ஓடக் கூடாது. ஒரு ஆளும் கண்ணாடியில தெரியுற அவன் உருவமும் ஓடணும்.”

அவள் ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடியவள். இப்போது நொண்டுவாள். பயிற்சியில் இரக்கம் காட்ட மாட்டாள். மடியில் சரளைக்கல் வைத்திருப்பாள். குதிகால் தேய்கிற சத்தம் கேட்டால் அந்தக் காலுக்குக் கல் பறக்கும். கண் தெரியாதவன், கண் தெரிந்தவன் என்று பார்க்க மாட்டாள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் மணல் பையைத் தோளில் போட்டு ஏறச் சொல்வாள். ஏறியவன் வாந்தி எடுத்தால் தள்ளி நின்று எடுக்கச் சொல்வாள்.

“கோட்டுகிட்ட வர்றப்ப நீ அரை அடி பின்னாடி போயிடணும்” என்று டயர்க்காரனிடம் சொன்னாள். “கூட ஓடுறவன் முதல்ல கோட்டைத் தாண்டினா ஓடினவன் காலி. எத்தனை வேகமா வந்தாலும் காலி. புரியுதா?”

அதைத் தினமும் பழகினார்கள். தடம் முழுக்கக் கரித்தூள், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் சிமெண்டுப் பட்டை. காலடிச் சத்தம் அங்கே மாறும். வெல்டர் அதைப் பாதத்தால் பார்த்தான். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

சீண்டலும் பயிற்சியில் சேர்ந்துவிட்டது. விசில் ஊதியதிலிருந்து அடி விழும்வரை டயர்க்காரன் அவனை ‘டா’ போட்டுத்தான் பேசுவான். அடி விழுந்ததும் ‘மாமா’, ‘வாங்க’, ‘பார்த்து வைங்க’. கேட்பவர்களுக்கு இரண்டு ஆட்கள் பேசுவது போல இருக்கும். ஓடிக்கொண்டே காதோரம் சொல்வான்:

“ஏண்டா, ஓட்டை டாங்கிய ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன் நீ. உனக்கு எதுக்குடா ஓட்டம்?”

“செனை எருமைகூட உன்னவிடப் பதமா கால் வைக்கும்டா.”

“உனக்குப் பொண்ணு குடுத்த அன்னிக்கு எங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு போயிருந்துச்சுடா.”

இந்தக் கடைசி வாக்கியம் வெகுநாள் வேலை செய்தது. வெல்டரின் கழுத்து நரம்பு புடைக்கும், தோள் இறங்கும், கால் நீளும். கயிறு முன்பக்கமாக விறைக்கும். டயர்க்காரனுக்கு மூச்சுத் திணறும். கோடு தாண்டியதும் வெடுக்கென்று இழுப்பு. அடி. பிறகு சிரிப்பு. வீட்டில் அமைதி.

பிராந்திய ஓட்டங்களில் வெல்டர் முன்னால் வரத் தொடங்கினான். தேர்வு ஓட்டத்தில் முதலில் வருபவனை ஒன்பது மாத முகாமுக்கு வேறு ஊருக்குக் கூட்டிப் போவார்கள் என்றாள் மேடம். தங்குவது, தின்பது எல்லாம் அங்கே. கூட ஓட அவர்களே ஆள் வைத்திருக்கிறார்கள்.

“அப்ப நான்?” என்றான் டயர்க்காரன்.

“நீ தாடைக்கு லீவு குடு.”

ஆனால் தேர்வுக்கு முந்திய மாதம் வசவு தேய்ந்துபோனது. எருமை என்றால் வெல்டர் சிரித்தான். பெண் கொடுத்த கதை என்றால், “போன வாரச் சோத்தையே சூடு பண்ணிப் போடுறியே மாப்ள” என்றான்.

“சட்டியில இருந்தாத்தான மாமா அகப்பையில வரும்” என்றான் டயர்க்காரன், மரியாதை எங்கே வர வேண்டும் என்பதையே மறந்து.

கோபம் இறங்கியதும் வேகம் இறங்கியது. வேகம் இறங்கியதும் அடியும் இறங்கியது. கோடு தாண்டி வெல்டர் தட்டுவது போல ஒன்று வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். டயர்க்காரனுக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

பயந்தபடியே நடந்தது. மிச்சம் வீட்டுக்குப் போனது.

அக்கா மருத்துவமனைத் துணிகள் துவைக்கும் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி உருளையில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்பை ஒரு முனையில் அவளும் மறுமுனையில் இன்னொருத்தியும் பிடித்துச் சுடும் உருளைக்குள் விடுவார்கள். டயர்க்காரன் போனபோது மேல் உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. அவனைப் பார்த்ததும் விரிப்பால் வாயை மறைத்தாள்.

“எதுல?”

“நாற்காலியில. கால்ல இடிச்சுதாம். தூக்கி வீசினாரு. நான் கதவுகிட்ட நின்னேன்.”

“ஒரு சத்தமும் போடலையா நீ?”

“போட்டா எந்தப் பக்கம் இருக்கேன்னு தெரிஞ்சுடும்ல.”

எதிர் முனையில் நின்றவள் விரிப்பை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். உருளை வெறுமனே சுற்றியது.

“அந்தக் கேம்பு எத்தனை மாசம்னு சொன்னே?”

“ஒன்பது.”

“நான் தூங்குறப்ப முகத்து மேல முழங்கையை வெச்சுக்கிட்டுத் தூங்குறேன்டா. தூக்கத்துலயும் கை மரத்துப்போகுது. ஒன்பது மாசம் அந்தக் கையைக் கீழ போட்டுத் தூங்கினா போதும். அப்புறம் நடக்கிறதைப் பார்த்துக்கலாம்.” உதட்டுத் தையல் இழுத்ததால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “ஜெயிச்சுடுவாரா?”

“ஜெயிக்க வெச்சுடுறேன்.”

“என்ன பண்ணுவியோ, பண்ணு.”

தேர்வு ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு ஜோடிகள் கயிற்றோடு நின்றார்கள். பயப்படவேண்டியவன் ஒருத்தன்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உடம்பு பிடித்துவிடும் கடை வைத்திருந்தவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. கூட ஓடியவன் ஒரு போலீஸ்காரன். அவர்கள் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். கயிறு தொய்ந்தே கிடக்கும்.

துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் முழங்கைகள் மோதின. பின்னால் ஒரு ஜோடி கயிறு சிக்கி விழுந்தது. யாரோ ஒருவனின் பல் தடத்தில் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். வெல்டர் யாரையோ தோளால் இடித்துவிட்டு உள்பக்கம் இறங்கினான்.

“வளைவு. உள்ள. நேர்” என்று டயர்க்காரன் சொல்லிக்கொண்டே வந்தான். நடுநடுவே வசவு. வெல்டர் அதைத் தெருச்சத்தம் போலக் கேட்டுக்கொண்டு ஓடினான். மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. போலீஸ்காரனின் வெள்ளைப் பனியன் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நெருங்கவும் இல்லை, மறையவும் இல்லை.

“முன்னாடி போறவன் உடம்பு புடிச்சு விடுறவன்டா. படு, உனக்கும் முதுகு புடிச்சு விடுவான்.”

“நல்லாத்தான் புடிப்பான்” என்றான் வெல்டர். ஓட்டத்தின் நடுவே சிரிக்கவும் செய்தான்.

தடத்தின் உள்ஓரமாக மேடம் நொண்டிக்கொண்டே ஓடிவந்தாள். “தூங்குறான்! எழுப்புடா அவனை! எதையாவது சொல்லு!” கையிலிருந்த கல்லை எறிந்தாள். அது டயர்க்காரனின் முழங்காலில் பட்டது.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். வெள்ளைப் பனியன் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. டயர்க்காரனுக்குத் தைத்த உதடு கண்ணில் நின்றது. சட்டியில் வேறு ஒன்றும் இல்லை. உண்மை ஒன்றுதான் மிச்சம்.

“இத பார். நீ ஜெயிக்கணும்னு நாங்க உன்னை ஓட வைக்கல.”

வெல்டர் ஓடிக்கொண்டே தலையை அவன் பக்கம் சாய்த்தான்.

“நீ தொலையணும்னுதான் ஓட வைக்கிறோம். கேட்டுச்சா? ஒன்பது மாசம்னதும் அக்கா மூஞ்சியப் பார்த்திருக்கணும் நீ.” மூச்சு வாங்கினான். “முகத்துல கை வைக்காம தூங்கணுமாம். அவ்வளவுதான் அவ கேட்டது. நீ எங்கயாவது போனா போதும். எனக்கும் அதான் வேணும். போய்த் தொலைடா.”

சில எட்டுகள்வரை ஒன்றும் நடக்கவில்லை. வெல்டரின் மூச்சு ஒருமுறை தவறியது. பிறகு கயிறு விறைத்தது.

அப்படி அவன் என்றும் ஓடியதில்லை. டயர்க்காரனின் விரல் வளையத்துக்குள் நெறிபட்டுத் தோல் உரிந்தது. கால் ஒத்துப்போகவில்லை. கண்ணாடி உடைந்துபோய் ஒரு ஆள் இன்னொரு ஆளை இழுத்துக்கொண்டு ஓடினான். “வளைவு” என்று கத்துவதற்குள் வளைவு முடிந்திருந்தது. போலீஸ்காரன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கடைசி வளைவில் இரண்டு ஜோடியும் ஒன்றாக இருந்தன. நேர்ப்பகுதியில் வெள்ளைப் பனியன் பின்னால் போனது. மேடம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எதையோ கத்தினாள். கூட்டம் எழுந்து நின்றது. சிமெண்டுப் பட்டை கண்ணில் தெரிந்தது. டயர்க்காரன் பழகியபடி அரை அடி பின்னால் விழப் பார்த்தான்.

அந்த இடத்தில் வெல்டர் நின்றான். இரண்டு காலையும் கரித்தூளில் புதைத்து நின்றான். டயர்க்காரன் வந்த வேகத்தில் அவனைத் தாண்டிப் போனான். கயிறு வெடுக்கென்று இழுபட்டது. உடம்பு சுழன்று வெல்டரைப் பார்த்துத் திரும்பியது. கயிறு இழுபட்டால் அசையக் கூடாது என்பது அவன் உடம்பில் ஊறியிருந்தது. அசையாமல் நின்றான்.

இடது கை வந்தது. தாடையில் ஏதோ பச்சைக் குச்சி ஒடிவது போலக் கேட்டது. அவன் மல்லாந்து பின்னால் போனான். தலையும் தோளும் சிமெண்டில் மோதின. முதுகு கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கால் மட்டும் இந்தப் பக்கம்.

வெல்டர் அவன்மேல் காலை வைத்துக் கடந்து கோட்டைத் தாண்டினான். அதன் பிறகுதான் உடம்பு பிடித்துவிடுபவனும் போலீஸ்காரனும் வந்து சேர்ந்தார்கள். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. யாரோ டயர்க்காரனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கயிற்றின் ஒரு வளையம் இன்னும் அவன் விரலில் இருந்தது. மறு வளையத்தை வெல்டர் கழற்றவில்லை.

மேடம் வந்து நின்றாள். வெகுதூரம் ஓடியவளைப் போல மூச்சு வாங்கினாள்.

“கோடு தாண்டியாச்சுன்னு நெனச்சேன் மேடம்” என்றான் வெல்டர்.

அவள் சிமெண்டுப் பட்டையைப் பார்த்தாள். “கரித்தூள்ல நின்னு அடிச்சே. காலுக்குத் தெரியலையா?”

“தெரியல மேடம்.”

“பாதத்தால கோடு பார்க்கிறவன் நீ.”

“இன்னிக்குத் தெரியல.” அவன் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தான். மறுமுனை தரையில் இருப்பது தெரிந்தது. குனிந்து கேட்டான், “மாப்ள. பட்டுச்சா?”

டயர்க்காரன் வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்க முடியவில்லை. மேடம் பாக்கெட்டிலிருந்து கத்தரி எடுத்துக் கயிற்றை வெட்டினாள். வெல்டரை ஒரு ஆட்டோவில் ஏற்றி வீட்டு முகவரியைச் சொல்லி அனுப்பினார்கள். டயர்க்காரன் அதைத் தரையில் கிடந்தபடி பார்த்தான். கையை ஆட்டினான். வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லப் பார்த்தான். வலியில் துடிக்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மருத்துவர் டயர்க்காரனின் தாடை இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொன்னார். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை குழாய் வைத்துக் குடிக்கலாம், பேசக் கூடாது என்றார்கள். கடைக்காரர் வந்து பார்த்தார். மூக்கடைப்புக்காரி எவளும் கிடைக்கவில்லையா என்று நர்ஸைக் காட்டிக் கேட்டார். டயர்க்காரன் சிரிக்கவில்லை.

மேடம் வரவில்லை. உடம்பு பிடித்துவிடுபவன் முகாமுக்குப் போவதாகக் கடைக்காரர் சொன்னார்.

மத்தியான இடைவேளையில் அக்கா வந்தாள். வேலை அங்கியோடு வந்தாள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. அவன் அதைக் காட்டினான்.

“இது நான் அடிச்சதுல சுளுக்கினது” என்றாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். வெல்டர் உள்ளே வந்ததும் உன் தம்பி இப்படிச் சொன்னான், உண்மையா என்று கேட்டான். ஆமாம் என்றாள். கையை ஓங்கினான். அவள் முக்காலியை எடுத்து அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். எத்தனை முறை என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிதான் பிடித்து நிறுத்தினாள். தலையில் தையல், இரண்டு விலா எலும்பில் கீறல். வேறு மருத்துவமனையில் பார்த்து இரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போலீஸ் கேட்டதற்குத் தடுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான்.

“நான் அவளோட ரூமுக்குப் போறேன். விரிப்போட மறுமுனை புடிக்கிறவ. ஒரு கட்டில் காலியா இருக்காம்.” பையிலிருந்து டயர்க்காரனுடைய சட்டை இரண்டை எடுத்து வைத்தாள். கஞ்சியைக் குழாய் வைத்துக் கொடுத்தாள். அவன் பாதி குடித்தான். இடைவேளை முடியும் நேரமாயிற்று என்று எழுந்து போனாள்.

நான்கு மணிக்கு நர்ஸ் வந்து கம்பியைச் சரிபார்த்தாள்.

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். வெல்டர் சொல்லி அனுப்பியதாகச் சொன்னாள். விலா எலும்பு சரியாக ஒரு மாதம் ஆகுமாம். அதற்குப் பிறகு காலையில் தன்னோடு மைதானத்துக்கு வருவானா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னான். டயர்க்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள், உலையில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போனாள்.